ஒரு நெல் நீளம்

அட்டையில் பெயர் இல்லை.
இளவரசியின் குழந்தை, ஆண், பன்னிரண்டாம் நாள்,
நீடாமங்கலத்திலிருந்து திருவாரூருக்கு.
கீழே அவசரக் கையெழுத்து:
அழுதால் உதடு நீலம். சளி?

அந்தக் கேள்விக்குறியைப் போட்டவர் யாரோ,
அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.
போன ஐப்பசியில்
நான் அது இல்லாமல் எழுதினேன்.
சளி. ஐந்து நாள் மருந்து.
ஆறாம் நாள் அந்தக் குழந்தை வரவில்லை.
யாரும் வந்து என்னைக் கேட்கவும் இல்லை.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச்
சூடாக்கி வைத்தேன்.
இரண்டு சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் மூன்று,
சிலபோது நான்கு.
பாய்மரம் விரியும் ஓசை என்று பாடத்தில் படித்தது.
நான் பாய்மரம் பார்த்தவள் இல்லை.
தூறல் விழ, களத்து நெல்லை மூடத்
தார்ப்பாயை உதறுவார்களே,
அது.

எக்கோ அறையில் ஜெசிந்தா
சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரலை
அவன் வாயில் வைத்தாள். அழுகை நின்றது.
திரையில் இதயம்.
இடப்பக்கக் கதவு அதன் இடத்தில்.
வலப்பக்கம்
கதவே இல்லையோ என்று நினைத்தேன்.
கையை மயிரளவு சாய்த்தேன்.
அங்கே, கீழே,
சுவரை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டு
ஓர் இதழ்.

அளந்தேன். எட்டு மில்லிமீட்டர் இறக்கம்.
மறுபடி எட்டு.
மூன்றாம் முறை ஏழரை.
ஒரு நெல் நீளம்.

எப்ஸ்டீன் என்று எழுதினேன்.
பதினோரு வருடத்தில் இந்தச் சொல்லை
இங்கே இரண்டாம் முறை எழுதுகிறேன்;
எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அப்பா வீரசேகரன் காக்கிச் சட்டையோடு நின்றார்.
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
"வால்வுன்னா ஷட்டருங்களா?"

எனக்கு இந்த உவமை பிடிக்காது.
இந்த ஊர்ப் பக்கம் எல்லா டாக்டரும்
ஆறு, மதகு என்றுதான் ஆரம்பிப்பார்கள்.
கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.
தலையாட்டினால் புரிந்ததென்று ஆகாது.
ஒரு மாதிரி, என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் பேனாவை வாங்கி
எக்ஸ்ரே உறையின் பின்னால் கோடு போட்டார்.
"வாய்த்தலையில மாட்டாம
உள்ளே தள்ளி மாட்டிட்டாங்க.
அப்ப இந்தப் பாதி வாய்க்காலும் குளமாயிடும்.
ஓட வேண்டிய தண்ணி தேங்கும்.
தேங்கினா நடுக்கரையை முட்டும்."
நிமிர்ந்தார்.
"நடுக்கரையில பொத்தல் இருக்குங்களா?"

இருந்தது.
அதை நான் இன்னும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இளவரசி ஒன்றுதான் கேட்டாள்.
"பால் குடுக்கலாமா?"
கொடு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

மேலே தூக்கி மாட்ட முடியுமா?
முடியும், சென்னையில் செய்பவர்கள் இருக்கிறார்கள்,
இப்போது வேண்டாம்.
நுரையீரல் இன்னும் இறுகித்தான் இருக்கிறது,
வாரங்களில் இளகும், நீலம் குறையலாம்.
குறையாமலும் போகலாம்.
எப்போது தெரியும் என்றார்.
அந்தக் கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை.
மேட்டூருக்குக்கூட ஒரு தேதி சொல்கிறார்கள்.

கால்விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கச் சொன்னேன்.
எழுபத்தைந்துக்குக் கீழே போனாலோ,
பால் குடிக்க மறுத்தாலோ,
நெஞ்சு படபடவென்று அடித்தாலோ
நேரம் பார்க்காமல் வாருங்கள்.

மூன்று வாரம் கழித்து நோட்டோடு வந்தார்.
ஆற்று மட்டம் எழுதும் அதே கட்டங்கள்:
நேரம், அளவு, குறிப்பு.
ஆறு மணிக்கு ஒருதரம், இரவிலும்.

82. தூங்கினான்.
81. அழுதான்.
84. வெண்ணாற்றில் தண்ணி வந்தது.
83. தும்மல், இரண்டு.

ஒரு நடுராத்திரியில் 76.
குறிப்பில் ஏதோ எழுதி
தாள் கிழிய அடித்திருந்தது.
அதை நான் கேட்கவில்லை.

அடுத்த வரி, காலை ஆறு:
86. பால் குடித்தான்.